இன்டர்ன்ஷிப்புக்கு ஜூன் முப்பது வரை

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை.

இன்று அனுப்பியது நான்கு. சென்னை இரண்டு, கொச்சி, கோவை. மொத்தம் நாற்பத்தொன்று. பதில் போட்டவர்கள் ஆறு பேர். ஆறும் 'இப்போதைக்கு இல்லை'. மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை.

கிராபிக் டிசைன் முடித்து ஒரு வருடம். எல்லோரும் அனுபவம் உண்டா என்கிறார்கள். அதற்குத்தானே இன்டர்ன்ஷிப் கேட்கிறேன்.

அப்பாவிடம் கேட்டு வாங்கிய கெடு ஜூன் 30. அதற்குள் அமையாவிட்டால் ஜூலை முதல் நாகர்கோவிலில் பேங்க் பரீட்சை கோச்சிங். நானே ஒத்துக்கொண்டதுதான்.

மனது தளராமல் இருக்க எழுதி ஒட்டியது:
1. ஆறு மணிக்கு எழுவது
2. தினம் ஒரு போஸ்டர்
3. அடுத்தவர்களின் 'வேலை கிடைத்தது' பதிவுகளைப் பார்க்கக் கூடாது

மூன்றாவதை எட்டு மணிக்கே மீறினேன். கூடப் படித்த ஷைனிக்குக் கொச்சியில் கிடைத்துவிட்டது. லைக் போட்டேன். பிறகு குளிக்கிற சாக்கில் அழுகை.

ஜூன் 12, வியாழன்

பதினோரு மணிக்கு எங்கள் சர்ச் சபைச் செயலர் போன். மேலத்தெரு தங்கையா சார் இறந்துவிட்டார்.

"மக்ளே, நாளைக்கு பத்து மணிக்கு அடக்கம். இண்ணைக்கு வெளிச்சம் போவதுக்குள்ள ஜங்ஷன்ல பிளக்ஸ் ஏறணும், கேட்டியா?"

கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் என்றால் சபையில் நான்தான். கைக்கே தெரியும். ஊதாப் பின்னணி, நடுவில் முட்டை வடிவத்தில் படம், ஓரத்தில் வெள்ளை ரோஜா, இடப்பக்கம் பிறந்த தேதி, வலப்பக்கம் இறந்த தேதி, கீழே வசனம். அதற்கும் கீழே மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். ஒரு பெயர் விட்டுப்போனால் செத்த வீட்டிலேயே சண்டை. முக்கால் மணி நேரத்தில் முடித்தேன்.

இதுவரை இருபத்தாறு பேர். அச்சில் வந்த என் வேலை எல்லாம் இவைதான். ஒன்றையும் வெளியே காட்ட முடியாது.

செயலரின் பாராட்டு: "சார் இருக்கும்போகூட இவ்வளவு லெட்சணமா இல்ல."

ஜூன் 17, செவ்வாய்

சென்னை ஸ்டுடியோ ஒன்றிலிருந்து மெயில். டெஸ்ட் வைக்கிறார்கள். மசாலா கம்பெனி முதலாளிக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள். அவர் படத்தை வைத்து ஒரு போஸ்டர். வெள்ளி மாலை ஐந்துக்குள்.

மூன்று முறை வாசித்தேன். மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வெப்ராளப்பட்டுப் பதறாத. ஏசப்பா பாத்துக்கிடுவாரு. முதல்ல சோத்தத் தின்னு."

ஜூன் 20, வெள்ளி

பேய்க்காற்று. கரண்ட் மூன்று தடவை போனது.

நேற்றுவரை நாலு விதமாகப் போட்டு நாலையும் அழித்தேன். எல்லாம் யாரோ செய்ததைப் பார்த்துச் செய்தது மாதிரி. இன்று மதியம் மூன்று மணிக்குப் பதறிப்போய், யோசிக்காமல் கையை அதன் போக்கில் விட்டேன். மளமளவென்று வந்தது. அமைதியாக, ஒரு மரியாதையோடு. நான் செய்ததிலேயே சுத்தமானது.

அனுப்பும் முன் வீட்டில் காட்டினேன். அப்பா: "நல்ல மனுசன் போலிருக்கு." அம்மா வெகு நேரம் பார்த்துவிட்டு, "பாவம், நல்ல மொகம்" என்றாள்.

4.40க்கு அனுப்பினேன். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஸ்டுடியோவிலிருந்து ஒரு அக்கா பேசினார். நிதானமான குரல்.

"கிளையன்டுக்குக் காட்டலைம்மா. அவர் உயிரோட இருக்கார்."

எனக்குப் புரியவில்லை. போனைக் காதில் வைத்தபடியே லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். ஊதா. முட்டை வடிவம். வெள்ளை ரோஜா. இடப்பக்கம் பிறந்த தேதி. வலப்பக்கம் ஒரு தேதிக்கு மட்டும் இடம் காலியாக.

மன்னிப்புக் கேட்டேன். எத்தனை முறை என்று தெரியாது. "லேஅவுட் சுத்தமா இருக்கு. வேற மாதிரி கொஞ்சம் செஞ்சு பழகிட்டு ஆறு மாசம் கழிச்சு அனுப்புங்க" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஷைனியிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. "ஏட்டி, அந்த மனுசனுக்க பொண்டாட்டி பாத்திருந்தா நெஞ்சப் பிடிச்சிருப்பா." நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். போனை வைத்த பிறகும் நிற்கவில்லை. அப்புறம் அழுகை.

எனக்கு வேறெதுவும் வராதோ என்று பயமாக இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

வெயில். எழுந்தது ஒன்பதரை. விண்ணப்பம் இல்லை. பிறந்தநாள் கார்டு ஒன்று முயன்றேன். மஞ்சள், பலூன். துக்க வீட்டில் பலூன் கட்டியதுபோல் இருந்தது. மூடிவிட்டேன்.

சுவர்ப் பட்டியலைக் கிழிக்கவும் சோம்பல்.

ஜூன் 30, திங்கள்

அப்பா மணல் ஆலை ஷிப்ட் முடிந்து வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு கோச்சிங் படிவத்தை மேசையில் வைத்தார்.

இன்னும் ஒரு மாசம் கேட்டேன். ஏசுவார் என்று நினைத்தேன்.

"ஒரு மாசம் என்னத்துக்கு? ஒரு வருசம் எடு. நான் இருக்கேன்லா." படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆனா எனக்க மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்லு மக்ளே. நடக்கும்னு சொல்லு. நான் நம்பிருதேன்."

அடுக்களையில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

அப்பா முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயில் வரவில்லை. பொய்யாகக்கூட வரவில்லை.

படிவத்தை நிரப்பப் பேனா கேட்டேன்.

எழுந்து போய் அலமாரியில் தேடினார். டி.வி. மேல் தேடினார். அம்மாவிடம் கேட்டார். மறுபடியும் அலமாரி. பேனா அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. நானும் சொல்லவில்லை.