கப்பல்காரன் பூட்டிய லேத்

இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் கையிலிருந்து வெட்டெண்ணெய் வாசம் போகவில்லை. இரும்பை வெட்டும்போது ஊற்றும் அந்த எண்ணெய் சூடாகிப் புகைந்தால் புண்ணாக்குக் கருகினது மாதிரி மணக்கும் என்று நான் சொல்வேன். உலகத்திலேயே திறமான வாசம் அதுதான் என்று நீ சொல்வாய். இன்று பின்னேரம் முழுக்க உன் கராஜில் அதே வாசம், மச்சான். வீட்டுக்கு வந்து சாப்பிட இருந்தால் சோற்றிலும் அதுவே மணத்தது. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

செய்தியை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது பத்திரிகைக்காரனான என் தொழில். உனக்கு அது பிடிக்காது. "முடிவை முதல்லயே சொன்னா மிச்சத்தை ஆரடா வாசிக்கிறது?" என்று என் செய்திகளில் எல்லாம் குறை பிடித்தவன் நீ. ஆகவே உனக்காக நடந்தபடியே சொல்கிறேன்.

குறிஞ்சாக்கேணியில் பழைய இரும்பு வாங்கி விற்கும் நானாவின் வளவில்தான் அந்த லேத்தை, இரும்பு கடையும் அந்த மெசினை, முதலில் கண்டோம். மழைத்தண்ணீர் தேங்கிய குழிக்குப் பக்கத்தில், கிழிந்த படங்குக்குக் கீழே கிடந்தது. ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புப் படுக்கை. அதன் இடது நுனியில், கடைய வேண்டிய துண்டைப் பிடித்துச் சுழற்றும் தலைப்பெட்டி. எனக்குத் தெரிந்தது துரு மட்டும். நீ குந்தியிருந்து, காய்ந்த கிரீஸை நகத்தால் சுரண்டினாய். அடியில் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. உடனே எழும்பி, உன் ஆசையை நானா கண்டுபிடித்துவிடக் கூடாது என்று கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"சேர், நீங்க அங்கால திரும்பி நிண்டாலும் முகம் இஞ்சதான் இரிக்கி," என்றார் நானா. "கொண்டு போங்க."

அதற்குப் பிறகு உன் ஓர்ஸ் ஹில் வீட்டில் கார் வெயிலில் நின்றது, லேத் கராஜுக்குள் நின்றது. மண்ணெண்ணெய், உப்புத்தாள், தூரிகை என்று எனக்கும் வேலை தந்தாய். ஒவ்வொரு பல்சில்லாகக் கழற்றிக் கழுவி, கழற்றிய ஒழுங்கிலேயே பழைய செய்தித்தாளில் அடுக்கினோம். "உன்ர கட்டுரை கடைசியில ஒரு வேலைக்கு உதவினது," என்றாய். பழைய மோட்டார் வீட்டு மின்சாரத்தில் ஓடாது என்று மின்வேலைக்காரர் கையை விரித்தார். நீ கொழும்பிலிருந்து ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியை எடுப்பித்துச் சுவரில் பூட்டினாய். குமிழை மெல்லத் திருப்பியதும் அந்த இரும்புப் பிணம் முனகிக்கொண்டு சுழலத் தொடங்கியது. நாம் இரண்டு பேரும் கூத்தாடினோம். குசினி யன்னலால் உன் மனைவி எட்டிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் கணக்கு ரீச்சர், எனக்கும் ரீச்சர்தான்.

"ரண்டு கிழடுக்கும் விசர்," என்றார்.

அதை நீ நிலத்தில் பூட்டிய விதம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. நாலு காலுக்கும் நாலு போல்ட். ஸ்பானரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி, அதில் உன் முழுப் பாரத்தையும் போட்டு இறுக்கினாய். வாழ்நாள் முழுக்கக் கப்பல் எஞ்சின் அறையில் நின்றவன். அங்கே பூட்டாத சாமான் முதல் அலையிலேயே ஆளை நசுக்கிவிடும். பக்கத்து மதில் கட்ட வந்த மேசன் விட்டுப்போன ரசமட்டம் அங்கே கிடந்தது. அதைத் தூக்கி, இதை வைத்தும் ஒருக்கால் பார்க்கிறதா என்று கேட்டேன். கேள்வி கேட்பது மட்டும்தானே எனக்குப் பழக்கம்.

"கப்பலில ஆரடா லெவல் வைச்சுப் பார்த்தது? கப்பலே மட்டத்தில நிக்கிறேல்ல. இறுக்கிப் பூட்டினாக் காணும்."

பிறகு தொடங்கியது உன் தலையிடி. ஒரு தண்டைப் பூட்டி, அதன் இரு நுனியையும் ஒரே ஓட்டத்தில் வெட்டி, மைக்ரோமீட்டரால் அளந்தாய். இரண்டும் ஒரே பருமனாக வர வேண்டும். வரவில்லை, வெளி நுனி மயிரளவு தடித்திருந்தது. அந்த மயிரளவு போகாவிட்டால் அது லேத் இல்லை, வெறும் இரும்புக்கட்டி. தலைப்பெட்டிதான் சாய்ந்திருக்கிறது என்று தீர்மானித்தாய். அதைக் கழற்றி, அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்தாய். எடுத்தாய். வேறு பக்கம் வைத்தாய். மாதக்கணக்கில் தண்டுகள் கூம்பு கூம்பாக வந்து விழுந்தன. அப்படி ஒரு தண்டு பாதி வெட்டியபடி நிற்கையில்தான், ஒரு காலையில் உன் நெஞ்சு நின்றது.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில நாளில் ரீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணை, கராஜில வகுப்பு வைக்கப் போறன். ஒழுங்கா வேலை செய்யிற சாமான் எண்டா எப்பிடியும் ஒதுக்கி வைச்சிருப்பன். வெட்டுறதெல்லாம் கூம்பா வாற மிசினை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? நானாவுக்குச் சொல்லிட்டன்."

இன்று மத்தியானம் நானா லொறியோடு வந்தார், மடியில் சம்மட்டி. முழுதாகத் தூக்க ஏலாது, உடைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்றார். போல்ட்டுகளையாவது நான் கழற்றித் தருகிறேன் என்றேன். உன் குழாயைச் செருகியே மூன்றைக் கழற்றினேன். நாலாவது இளகியதும் 'டக்' என்று ஒரு சத்தம். லேத்தின் வலது முன்கால் தானாக நிலத்தை விட்டு எழும்பியது.

நான் குந்தியிருந்து பார்த்தேன். பிறகு சட்டைப் பையில் கிடந்த அட்டை ஒன்றை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் செருகினேன். தடையில்லாமல் போனது. பார்த்தால், உன் அந்தியேட்டி அழைப்பிதழ்.

உன் கராஜ் நிலம், கார் கழுவும் தண்ணீர் ஓட வேண்டும் என்று ஒரு மூலைக்குச் சரித்துப் போட்ட நிலம். கப்பல் தட்டில் பூட்டுவது மாதிரி நீ பூட்டிய பூட்டில், அந்த மூலைக் கால் கீழே இழுபட்டு, பிழிகிற துணி மாதிரி முழுப் படுக்கையும் முறுகியிருக்கிறது. தலைப்பெட்டியில் ஒரு பிழையும் இல்லை, மச்சான். ஒன்றும் இல்லை.

"ரீச்சர், இண்டைக்கு ஒரு நாள் தாங்கோ," என்றேன்.

"நீங்கள் அவரை விட மோசம்." அவர் நானாவைப் பார்த்தார்.

நானா சம்மட்டியைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். "நான் வித்த சாமான். ஓடுதா எண்டு நானும் பாக்கத்தானே வேணும்?"

தலைப்பெட்டிக்கு அடியில் நீ வைத்த தகடுகளை எல்லாம் உருவி எடுத்தேன். அதே தகடுகளை அந்த மூலைக் காலுக்கு அடியில் அடுக்கி, நாலு போல்ட்டையும் அளவாகத் திரும்பப் பூட்டினேன். ரசமட்டம் பாதி வழிதான் காட்டியது. மீதியை வெட்டி, அளந்து, ஒரு தகடு கூட்டி, ஒன்று குறைத்துப் பிடித்தோம். நானா சேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாறைக்கோலால் காலைக் கிளப்பித் தந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் வித்தியாசம் குறைந்துகொண்டு வந்தது. தேர்தல் இரவுகளில்கூட நான் இப்படி முடிவுக்காகக் காத்திருந்ததில்லை.

கடைசி வெட்டில் இரும்பு நீலச் சுருளாக, அறுபடாமல் வந்தது. அளக்க எனக்குத் துணிவில்லை. மைக்ரோமீட்டரை ரீச்சர் வாங்கினார். உள் நுனியை அளந்தார். வெளி நுனியை அளந்தார். திரும்ப இரண்டையும் அளந்தார், மாணவன் கணக்கைச் சரி பார்க்கிற முகத்தோடு.

"ரண்டும் ஒண்டு," என்றார். அந்தத் தண்டின் நீளத்துக்கு ஒருதரம் விரலை ஓட்டினார். "இது இஞ்சயே நிக்கட்டும். வகுப்புப் பிள்ளையள் உள்ளுக்க, ஹோலில இருக்கட்டும் நானா. நீங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

நீ நின்றிருந்தால் தோல்வியை ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய். கப்பலில் சரியாகத்தான் இருந்தது, பிழை கரையில்தான் என்று விடியும்வரை வாதாடியிருப்பாய். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. சொல்ல ஆளில்லை. இன்று முழுக்க எனக்கு உறைத்த ஒரே குறை அதுதான். மற்றபடி மனசு துள்ளிக்கொண்டே இருக்கிறது.

தேத்தண்ணி குடிக்கும்போது நானா மெல்ல வாயைத் திறந்தார். மூதூரில் மூடின ஆலை ஒன்றிலிருந்து வாங்கிய துளை போடும் மெசின் ஒன்று வளவில் கிடக்கிறதாம். கைப்பிடி இறுகிப்போய்விட்டது, ஆனால் உள்ளே பல்சில்லுகள் முழுசாம். நான் கோப்பையை வைத்துவிட்டு, அந்த மெசினின் மேசை நீளம் எவ்வளவு என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் குரலில் உன் குரல் கேட்டது. உன்னிடமிருந்து எனக்குத் தொற்றியது இது. இனிப் போகாது போலிருக்கிறது.

"நாளைக்கு ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன், ரீச்சர். பாக்கத்தான்."

"அவரும் இதைத்தான் சொல்லிட்டுப் போனவர்," என்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனார். வாசலில் நின்று திரும்பினார்.

"எத்தினை மணிக்குப் போறம்?"