குறையில்லை என்று நான் எழுதிய லொறி

ஜூன் 12, 2006. திங்கள்

விடியலிலிருந்து மழை. பட்டறைக் கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. தார்ப்பாய் வாங்க வேண்டும். போன மாதமும் இதையேதான் எழுதியிருக்கிறேன்.

பத்து மணிக்குத் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி வந்து நின்றது. அதே பழைய லொறி, அதே முறைப்பாடு. லைட் தானாக அணைகிறது. வைப்பர் தானாக ஆடுகிறது. யாரும் தொடாமலே ஹோர்ன் அடிக்கிறது.

புது டிரைவர் நிமல், கினிகத்தேனை ஆள். பாதி சிங்களம், பாதி தமிழ். "பாஸ், இந்த லொறிக்கு பிஸ்ஸு, பைத்தியம். நான் சுவிச்ச தொடவே இல்ல."

இதைத்தான் மே மாதம் மாணிக்கமும் சொன்னார். இருபது வருடம் இதே தோட்டத்தில் லொறி ஓட்டியவர். மூடுபனியில் திருப்பத்தில் லைட் அணைந்து மதகில் மோதிவிட்டார். கொழுந்து மூட்டையெல்லாம் ஓடைக்குள். அவருக்கு நெற்றியில் நான்கு தையல். "லைட்டு தானாத்தான் போச்சு" என்று தலையில் கட்டோடு நின்றார். லொறியின் மின்சாரத்தைப் பரிசோதித்துத் தாள் கொடுக்கச் சொல்லித் தோட்டத்து ஒஃபிஸிலிருந்து என்னிடம் அனுப்பினார்கள். ஒரு மணி நேரம் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தது. கடையின் பெயர் அச்சடித்த தாளில் எழுதிக் கொடுத்தேன்: "மின்சாரத்தில் குறையில்லை. சாரதியின் கவனக்குறைவாக இருக்கலாம்."

அந்தத் தாளை வைத்து விசாரணை. லொறியைப் பறித்துவிட்டு மாணிக்கத்தைத் தேயிலை வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போட்டார்கள். இருக்கலாம் என்றுதானே எழுதினேன்? பெரிய சமாதானம்தான்.

நிமலை பஸ்ஸில் அனுப்பிவிட்டேன். லொறி என் பட்டறையில். நனைந்துகொண்டு நிற்கிறது.

ஜூன் 13, செவ்வாய்

மழை விடவில்லை. சாவியைப் போட்டதும் ஹோர்ன் அலறியது. எதிர்க்கடையில் யாரோ, "பாஸுக்கு கல்யாணமா?" சிரிப்பு.

டாஷ்போர்டைக் கழற்றினேன். இடது பக்க மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி. பொடி கன்ட்ரோல் மொடியூல். லைட், வைப்பர், ஹோர்ன், சிக்னல் எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிற பெட்டி. முன்கண்ணாடி ரப்பர் வெடித்து, மழைத் தண்ணீர் வயர் வழியே இறங்கி நேராக அதற்குள் சொட்டுகிறது. திறந்தேன். ஊசிகளெல்லாம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கின்றன. ஒரு மாதத்துப் பச்சை இல்லை, வருடக்கணக்கு.

நனைந்தால் கிறுக்கு, காய்ந்தால் நல்ல பிள்ளை. மே மாதம் நான் பார்த்த அன்றைக்கு முன் மூன்று நாள் வெயில். ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்திருந்தால் போதும். ஏன் ஊற்றவில்லை?

இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். இந்தப் பெட்டி வைத்த லொறியை நான் அதற்கு முன் பிரித்ததே கிடையாது. மே மாதமும் பிரிக்கவில்லை. பிரித்தால் திரும்பப் பூட்டத் தெரியுமா என்று பயம். "தெரியவில்லை" என்று எழுத வெட்கம். ஹட்டனில் எனக்குத் தெரியாத கோளாறு இல்லை என்று நாலு பேர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த வெட்கம்.

இரவு சோறு இறங்கவில்லை. மனைவி கமலா கேட்டாள், "வயித்து வலியா?" ஆமாம் என்றேன். இஞ்சித் தண்ணி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். அவளிடமும் ஒரு பொய்.

ஜூன் 15, வியாழன்

கொழும்பு. ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த இதே ரக லொறியின் பெட்டி தேடி ஐந்து கடை. மேலே ஒட்டியிருக்கும் நம்பர் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். ஐந்தாவது கடையில் கிடைத்தது.

வரும் வழியில் ராணுவ செக் பொயின்ட், குண்டு தேடுகிறார்கள். பையில் வயரோடு கறுப்புப் பெட்டி, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். என்னைத் தனியாக நிற்க வைத்தார்கள். "மே மொகக்த?" இது என்ன என்று கேட்கிறான். லொறி லைட்டுக்கான பெட்டி என்கிறேன். என் கடைத் தாளை எடுத்து நீட்டினேன், பெயர் அச்சடித்தது. வாசித்தான், பெட்டியைத் திருப்பிப் பார்த்தான், போ என்றான்.

பஸ் அவிசாவளை தாண்டும் வரை தாளைப் பைக்குள் வைக்கவில்லை. அந்த ஒரு தாளை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். மாணிக்கத்திடம் நீட்ட எந்தத் தாளும் இருக்கவில்லை.

ஜூன் 16, வெள்ளி

தூறல். செய்தவை:
பற்றரி கழற்றி அரை மணி நேரம் விட்டது.
வயர் செருகும் ஊசிச் சட்டங்களைத் துடைத்தது, இரண்டு வயர் மாற்றியது.
கண்ணாடிக்குப் புது ரப்பர்.
புதுப் பெட்டி பூட்டியது. முதலில் இடது சிக்னல் போட்டால் வைப்பர் ஆடியது. ஒரு சட்டத்தை மாற்றிச் செருகியிருக்கிறேன், கழுதை.
பிறகு ஹோஸ் பைப்பால் ஒரு மணி நேரம் தண்ணீர். ஒன்றும் அணையவில்லை.

மூன்று மணிக்குத் தோட்டத்து ஒஃபிஸ் பெரிய கிளாக்கர் லொறியை எடுக்க வந்தார்.

"என்ன பாஸ் கோளாறு?"

"ஒரு பெட்டிக்குள்ள தண்ணி எறங்கியிருக்குங்க. மாத்தியாச்சு."

"இது இப்ப வந்த கோளாறா?"

வாயைத் திறந்தால் சொல்லிவிடலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், லொறியைப் பார்த்தேன், கையைத் துணியில் துடைத்தேன்.

"ஆமாங்க. இப்பத்தான்."

முதல் தடவை தெரியாமல் எழுதினேன். இன்றைக்குத் தெரிந்தே சொன்னேன். வேலை முடிந்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

கொஞ்சம் வெயில். ஹட்டன் சந்தை. கரட், லீக்ஸ், கருவாடு. "வாங்கம்மா வாங்க, பாத்துட்டுப் போங்க, பாக்குறதுக்கு காசில்ல!"

மீன் கடைப் பக்கம் மாணிக்கமும் அவர் மனைவியும். ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன், அவரே வந்துவிட்டார். கையெல்லாம் கவ்வாத்துக் கீறல். மூக்கில் பெரிய கண்ணாடி.

"கண்ணாடி எப்போண்ணே?"

"நடைபாதையில வாங்குனேன் பாஸ். டிக்கோயா ஆஸ்பத்திரியில கண்ணு நல்லாத்தான் இருக்குங்கிறாங்க. எனக்கு மனசு கேக்கல. லொறியில கொறயில்லன்னு நீங்களே பாத்து சொல்லிட்டீங்க. அப்ப என்கிட்டதானே கொற?"

அவர் மனைவி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்க சொன்னது நல்லதாப் போச்சுங்க. இந்த கண்ண வச்சிக்கிட்டு எத்தன புள்ளத்தாச்சிய லொறியில ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போயிருப்பாரோ."

மீன் வாங்காமல் வந்துவிட்டேன். கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"தோட்டத்துக்கு இன்னிக்கே எழுதுங்க. நாளைக்குன்னா நீங்க எழுத மாட்டீங்க. ஒங்கள எனக்குத் தெரியாதா?"

எழுதினேன். நாலு தடவை கிழித்து ஐந்தாவது தடவை. இந்த முறை "இருக்கலாம்" எதுவும் இல்லை.

ஜூன் 20, செவ்வாய்

தோட்டத்து ஒஃபிஸ். கடிதமும் பழுதான பெட்டியும் மனேஜர் தொரையின் மேசையில். இரண்டு தடவை வாசித்தார்.

"அந்தாளே விசாரணையில ஒத்துக்கிட்டானே?"

"எப்பங்க ஒத்துக்கிட்டாரு?"

"ஒங்க தாள வாசிச்சுக் காட்டுனதும். அது வரைக்கும் இல்லன்னுதான் நின்னான்."

கொஞ்ச நேரம் பெட்டியின் பச்சையை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார். மாணிக்கத்தை வியாழன் முதல் லொறிக்கு வரச் சொன்னார். நிமலுக்கு டிரக்டர். தோட்டத்து வண்டிகள் இனி என் பட்டறைக்கு வராது. சரிங்க என்றேன். மறுத்துப் பேச என்ன இருக்கிறது?

நான்கு மணிக்கு மாணிக்கத்தின் லயத்து வீடு. நானே சொல்ல வேண்டும் என்று போனேன். தேத்தண்ணி கொடுத்தார்கள். சொன்னேன். கோளாறு பழையது, நான் சரியாகப் பார்க்கவில்லை, வெள்ளிக்கிழமைகூடப் பொய் சொன்னேன், எல்லாம்.

மாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தார். அவர் மனைவி வந்து பாதி குடித்த கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சந்தையில் கும்பிட்ட கை. இருட்டும் வரை நின்றேன், யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

ஜூன் 22, வியாழன்

காலையிலேயே அடர்ந்த பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு நடந்தே போனேன். யாரும் கூப்பிடவில்லை. முதல் நாள், ஏதாவது என்றால் கூட இருக்கலாமே என்று.

மாணிக்கம் ஏறவில்லை. லொறியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பெண்கள் கூடையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஏறுங்கண்ணே, கொழுந்து வாடுது" என்றது ஒரு குரல். கடைசியில் என்னிடம், "நீங்களும் ஏறுங்க பாஸ்." அந்த லயத்துப் பேச்சுக்குப் பிறகு முதல் வார்த்தை.

ஏறினேன். "லைட்டு போடுறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போட்டார். "போட்டேன். என் கையப் பாத்தீங்கல்ல?" பார்த்தேன் என்றேன். "வைப்பர் போடுறேன். பாத்துக்கங்க."

முதல் திருப்பத்துக்கு முன் நிறுத்திவிட்டார். முகமெல்லாம் வேர்வை, அந்தக் குளிரில்.

"இப்ப எரியுதா பாஸ்? இந்தப் பனியில எனக்குத் தெரியல. எறங்கிப் பாருங்களேன்."

இறங்கிப் போய் லொறிக்கு முன்னால் நின்றேன். இரண்டும் எரிந்தன. கையைத் தூக்கிக் காட்டினேன். ஏறிக்கொண்டேன். மெதுவாகத் திருப்பத்தைக் கடந்தார். அடுத்த திருப்பத்துக்கு முன் மறுபடி நிறுத்தினார்.

மடுவத்திலிருந்து ஃபெக்டரிக்குப் பதினொரு திருப்பம். பதினொரு தடவை இறங்கினேன்.