அருள் கேட்காத பாட்டு

பம்பாய்,
ஜூன் 1991

அன்புள்ள செலின்,

நம் அருளுக்காக நான் எழுதிய ஜாஸ் இசையை, 'இது என் மகளுக்கு' என்று சொல்லி, நேற்று முதல்முறையாக மேடையில் வாசித்தேன். ஆவடி சர்ச் பேண்டில் ஊதிக்கொண்டிருந்தவனுக்கு ஹாலே எழுந்து நின்று கைதட்டியது.

முடிந்ததும் மாதுங்காத் தமிழர் ஒருவர், "உங்க பொண்ணு கேட்டுட்டு என்ன சொன்னா?" என்றார். "ரொம்பப் பிடிச்சிருக்குன்னா" என்று சொல்லிவிட்டேன். பிறவியிலேயே காது கேட்காதவள் என்று சொல்ல வாய் வரவில்லை.

போன லீவில் சாக்ஸபோனின் விரிந்த வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அது அதிர அதிரச் சிரித்தாளே. நான் நிறுத்தினால் என் கன்னத்தைத் தட்டினாள். அதிலிருந்து வந்த மெட்டுதான் அது. நீயோ வெள்ளானூரிலிருந்து தினமும் தனியாக அவளை பஸ்ஸில் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறாய்.

கிறிஸ்துமஸுக்கு வந்து அங்கேயே தங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தேன். எங்கள் ஜாஸ் குழுவோடு ஐரோப்பா போக இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம்.

இதைப் படிக்கும்போது அவள் எதிரில் இருந்தால் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துகொள். உன் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொள்வாள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்