லோரிக்குப் பூஜை போட்ட படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? செமோரில் தினமும் மழை. எஸ்பிஎம் தேர்வுக்கு நன்றாகப் படிக்கிறேன்.

போன வாரம் அம்மாவும் நானும் ஈப்போவில் வழக்கறிஞர் எல்ஸி அக்காவைப் பார்த்தோம். சித்தப்பாவின் லோரியைச் சம்பளத்துக்கு ஓட்டுவதாகவும் சொந்தமாக எதுவும் இல்லை என்றும் நீங்கள் கோர்ட்டில் எழுதிக் கொடுத்ததைக் காட்டினார்.

"பிள்ளைங்க செலவுக்குச் சம்பளத்த மட்டும் பாக்க மாட்டாங்கம்மா, சொத்தையும் பாப்பாங்க. லோரி அவரோடதுன்னு காட்ட ஏதாச்சும் இருக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"பொண்டாட்டியவிட அந்த லோரியத்தான் நல்லா பாத்துக்கிட்டாரு. அதச் சொன்னா போதாதா லா?" என்றார் அம்மா.

நான் மடியிலிருந்த புத்தகத்தை மூடிக்கொண்டேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்ட அன்று எடுத்த படம் அதற்குள் இருந்தது. பக்கம் தவறாமலிருக்க அதைத்தான் வைப்பேன். அதன் பின்னால், 'என் சொந்த லோரி. எல்லாம் மகள் பிறந்த ராசி' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா இப்போது கையுறைத் தொழிற்சாலையில் இரண்டு ஷிப்டு வேலை செய்கிறார். நேற்று சாப்பிட உட்கார்ந்தவர் தட்டின் முன்னாலேயே தூங்கிவிட்டார்.

இன்று படத்தை எல்ஸி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். என்னை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். நீங்கள் என்னைத் தூக்கி வைத்திருக்கும் இடத்தில்தான் லோரியின் எண் தெரிகிறது.

கோர்ட்டில் அதைக் காட்டும்போது லோரியை மட்டும் பாருங்கள், அப்பா.

இப்படிக்கு,
உங்கள் மகள்