ஆறாம் எண் சட்டை

பிப்ரவரி 3, செவ்வாய்

துணி வந்துவிட்டது! மின்நிலையத்தில் கழித்துப்போட்ட பழைய சீருடைகளை நார்நாராகப் பிரித்து, புது நூலோடு சேர்த்து நெய்தது. தீப்பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளாது. இனி ஒரு சீருடைகூடக் குப்பைமேட்டுக்குப் போகாது. தையல் மாஸ்டர் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ம்... கத்திரி வைக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

எட்டு வருஷமாக அடுத்தவர் வரைந்த உடைக்குப் பொத்தான் இடம் குறித்தவள் நான். இது முழுக்க என்னுடையது. கால் தரையில் பாவவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

ஆறு பேருக்கு ஆறு உடை கொடுத்தாயிற்று. இரண்டு மாதம் போட்டு, வீட்டிலேயே துவைத்து, வியாழன்தோறும் என்னிடம் காட்ட வேண்டும். பிறகு துண்டு வெட்டி நெருப்பில் பிடித்துப் பார்ப்பார்கள். ஆறும் தேறினால் நிலையம் முழுவதற்கும் என் உடை. ஒன்று தவறினாலும் அந்தப் பழைய, காற்றுப் புகாத முரட்டு உடையேதான். பாவம், அதற்குள் வெந்துபோகிறார்கள்.

ஆறாம் எண்ணுக்காரர் கம்பத்தில் ஏறிக் கம்பி பழுது பார்ப்பவர். நெட்டை. வாசலில் தலையை இடித்துக்கொண்டேதான் அறிமுகமானார்.

பிப்ரவரி 12, வியாழன்

"கையைத் தூக்குங்க" என்றேன். தூக்கினார். பல்பு உடைந்தது. "சாரி மேடம், நானே வேற மாட்டித் தர்றேன்" என்று ஸ்டூல் இல்லாமலேயே மாட்டினார். சட்டை மேலேறி இடுப்பு தெரிந்தது. கம்பத்து மேலே அது ஆபத்து. இரண்டு அங்குலம் கூட்ட வேண்டும். மாஸ்டர் என்னையே பார்த்தார். நான் அளவு நாடாவைப் பார்த்தேன்.

மார்ச் 5, வியாழன்

மற்ற ஐந்தும் கிரீஸும் வேர்வையுமாக வருகின்றன. ஆறாம் எண் மட்டும் கமகமக்கிறது.

"வீட்ல யாரு துவைக்கிறாங்க?"

"நானேதாங்க."

முழங்கை அளவை மூன்று முறை எடுத்தேன். மூன்றும் வேறுவேறு.

மார்ச் 19, வியாழன்

அவர் உடையில் இன்று சரிபார்க்க எதுவுமே இல்லை. நாற்பது நிமிஷம் சரிபார்த்தோம்.

மார்ச் 20, வெள்ளி

"சும்மா சும்மா ஏண்டி சிரிக்கிற?" என்றாள் அக்கா. துணி நன்றாக வந்திருக்கிறது என்றேன். "துணி என்ன உயரம்?" என்கிறாள்!

ஏப்ரல் 10, வெள்ளி

ஐந்து தேறின. ஆறாம் எண் எரிந்தது. நெருப்பை விலக்கிய பிறகும் நின்று எரிந்தது.

பாதுகாப்பு அதிகாரி கோபப்படவில்லை. "பழசைப் பிரிச்சு நெய்தா இப்படித்தாம்மா ஆகும். ஆளுங்க உயிரோட நான் விளையாட முடியாது" என்றார். திங்கட்கிழமை இறுதி முடிவு.

ஒரே தறி, ஒரே நூல். இது மட்டும் ஏன்? எனக்கு ஒண்ணுமே புரியல. அவர் கம்பத்து மேல நிக்கும்போது பத்தியிருந்தா? அய்யோ, நினைக்கவே முடியல.

ஏப்ரல் 11, சனி

மிச்சத் துண்டைப் பையிலிருந்து எடுத்தேன். மாஸ்டர் அடுக்குத் தும்மல் போட்டார். "என்னம்மா இது, கல்யாண வீடு மாதிரி மணக்குது!"

அப்போதுதான் உறைத்தது. நெட்டையாருக்குப் போன் போட்டேன்.

"துவைக்கும்போது என்ன போட்டீங்க?"

"துணி மெத்துன்னு ஆகுமே, அந்த வாசனை லிக்விடுங்க."

"எவ்வளவு?"

"புதன்கிழமையானா அரை பாட்டில்."

"அதென்ன புதன்கிழமை?"

"மறுநாள் வியாழனாச்சேங்க."

அந்தத் திரவம் நூலில் பிசுக்காகப் படிந்துவிடும். நெருப்புக்கு அதுதான் தீனி. துவைக்கும் குறிப்பில் அதை எழுதாமல் விட்டது நான். திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்து தொலைத்தது. போனை வைத்துவிட்டு மெஷினைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டேன். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 13, திங்கள்

இறுதி முடிவுக் கூட்டத்தில், குறிப்பில் விட்டது என் தப்பு என்று முதலில் நானே சொன்னேன். பிறகு நெட்டையாரைக் கூப்பிட்டார்கள்.

"கம்பத்துல ஏறுற ஆளுக்கு எதுக்குய்யா இவ்வளவு வாசனை?" என்றார் அதிகாரி.

"வியாழக்கிழமை அளவு பார்க்க வரணுங்களே."

"அளவு பார்க்க வாசனை எதுக்கு?"

"அளவுக்கு இல்லைங்க. அளவு பார்க்கிறவங்களுக்கு."

ஒன்பது பேர் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஃபைலைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "துண்டை நல்லா அலசிட்டு மறுபடி சோதிங்க. மத்ததெல்லாம் நான் கேட்கலை."

ஏப்ரல் 17, வெள்ளி

பற்றவில்லை. பற்றவே இல்லை!!

செப்டம்பர் 24, வியாழன்

இன்று முதல் நிலையம் முழுக்க என் உடை. ஒவ்வொரு காலரிலும் சிவப்பு நூலில் ஒரு வரி: வாசனைத் திரவம் சேர்க்கக் கூடாது. அந்த வரி யாரால் வந்தது என்று வாயில் காவலருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். "தலை, மாப்பிள்ளை, தலை!" என்று அக்கா கத்துவதற்குள் நிலையில் இடித்துக்கொண்டார். கிரீஸும் வேர்வையுமாக ஒரே நாற்றம். நான் தள்ளி உட்காரவில்லை.