வீடியோ கேம் பெட்டியும் மணியாச்சிப் பாசஞ்சரும்

3 ஜூன் 2002, திங்கள்

நான் சூதாட்ட மெஷின் வாங்கிக் கூடத்தில் வைத்திருப்பதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். வேலுத்தாய் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள். இரண்டுமே தவறு. நான் வாங்கவில்லை. 1987இல் என் கணவர் வாங்கினார். சூதாட்டமும் இல்லை. காசு போட்டால் விளையாட விடும், ஒரு காசுகூடத் திருப்பித் தராது. அது வீடியோ கேம். தியேட்டர் பக்கத்தில் கடை பிடித்து மூன்று வருடம் நடத்தினார். அதன் பிறகு எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் கிடங்கில், அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றது. இப்போது கொழுந்தனார் கிடங்கைக் காலி செய்கிறார். அதனால் வீட்டுக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். கொடுப்பதாக இல்லை.

கடை திறந்த அன்று, "ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போயேன், லெட்சுமி" என்றார் அவர். பீடிப் புகையும் விசிலும் இருக்கிற இடத்துக்கு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்றேன். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடப் போகவில்லை. இரண்டாவது முறை அவரும் கேட்கவில்லை. அவர் போய் எட்டு வருடம் ஆகிறது. அந்தத் திரையில் என்னதான் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

6 ஜூன்

டிவி மெக்கானிக் இசக்கிதுரை வந்து பின்பலகையைக் கழற்றினான். உள்ளே எலிக்கூடு. அடிப்பலகை ஒரு பக்கம் செல்லரித்திருக்கிறது. "படக்குழாய நான் பாத்துருவேன் ஆச்சி. ஆனா இது பூரா வயருல்லா. எலி அவ்வளவையும் கடிச்சு வச்சிருக்கு. மணியாச்சியில ரயில்வே சிக்னல்ல இருந்து ரிட்டயர் ஆன சோலைராஜ்னு ஒருத்தரு இருக்காரு. அவருதான் இதுக்கு லாயக்கு."

வரச் சொல்லியிருக்கிறேன்.

11 ஜூன், செவ்வாய்

சோலைராஜ் காலைப் பாசஞ்சரில் வந்தார். வேலைக்கு வருகிறவர்கள் போலப் பின்வாசல் வழியாகத்தான் நுழைந்தார். அறுபத்தொரு வயது. சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தது. பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார், தொடவில்லை. தேதிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கேட்டு வாங்கி, அதன் பின்பக்கம் என்னவோ எழுதி என்னிடம் நீட்டினார். "கூடத்துக் கருவி, இணைப்பு நீக்கம், காலை 10.20."

"இது என்ன அண்ணாச்சி?"

"மெமோ. ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்து இல்லாம ஒரு நட்டக்கூட தொட மாட்டோம். தொட்டா வண்டி மோதும்."

"இங்க எந்த வண்டி வருது?"

"வராதுதான். முப்பத்தஞ்சு வருசப் பழக்கம், போவ மாட்டேங்குது."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதிக் கையெழுத்திட்டேன். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க கடிகாரம் மூணு நிமிஷம் முந்துது."

இத்தனை வருடத்தில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அவர் போன பிறகு ரேடியோவில் நேரம் கேட்டுச் சரிபார்த்தேன். மூன்று நிமிடம்தான்.

14 ஜூன்

செவ்வாயும் வெள்ளியும் வந்து வேலை செய்வதாக ஏற்பாடு. முதலாளியம்மா என்று கூப்பிடுகிறார். நான் யாருக்கும் முதலாளி இல்லை, அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றேன். "அப்பம் எப்படிக் கூப்பிட?" என்றார். யோசித்தேன். எந்தப் பெயரும் பொருந்தவில்லை. அதிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் ஒரு முறை இருமிவிட்டுப் பேசுகிறார்.

21 ஜூன், வெள்ளி

ஒவ்வொரு வயருக்கும் எண் எழுதிச் சீட்டுக் கட்டுவது என் பொறுப்பு. இதுவரை நாற்பத்திரண்டு. புது வயர்களை மெழுகு நூலால் சேர்த்துக் கட்டும் முறையைக் காட்டினார். ரயில்வே முடிச்சாம். கட்டி முடித்ததும் இழுத்துப் பார்த்தேன், நழுவியது. கான்வென்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த தையல் முடிச்சைப் போட்டேன். அவரும் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

இருமினார். "இத எங்க இன்ஸ்பெக்டர் பாத்திருந்தா என்னய அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

அவர் போட்ட முடிச்சுகளை அவிழ்த்து எல்லாவற்றையும் திரும்பக் கட்டினோம்.

2 ஜூலை

கரிசல் மண்ணில் கட்டிய வீடு. கோடையில் தரை விரிசல் விட்டுக் கூடத்தின் வடமூலை இறங்கிவிடும். பெட்டி சாய்ந்தே நிற்கிறது. ரசமட்டம் வைத்து, தேக்குத் துண்டு செதுக்கிக் காலுக்கடியில் கொடுத்தார். ஒரு துண்டுக்கு முக்கால் மணி நேரம். அவர் அவசரப்படவில்லை. என்னாலும் அவசரப்படுத்த முடியவில்லை.

மனைவி இறந்து ஆறு வருடம் என்றார். அடுத்த துண்டைச் செதுக்க எடுத்தார்.

9 ஜூலை, செவ்வாய்

எரிந்தது.

முதலில் சிவப்பு மட்டும் வந்தது. இசக்கிதுரை பின்னால் எதையோ திருகினான், நீலமும் பச்சையும் வந்தன. கறுப்பு வானம், நட்சத்திரங்கள், கீழே விரல்நகம் அளவு ஒரு விமானம். தகர டப்பாவுக்குள் பாடுவது போல ஒரு இசை. இதைத்தான் அன்று என் கணவர் வந்து பார்க்கச் சொன்னார். இவ்வளவுதான். இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு நிமிஷம் போயிருக்கலாம். ஒரு நிமிஷம்தானே கேட்டாரு மனுஷன்.

சோலைராஜ் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்புறம் போனார். கையில் அழுக்கு எதுவும் இல்லை. நான் முகம் துடைத்து முடிக்கும்வரை வரவில்லை.

பிறகு மூவரும் விளையாடினோம். எனக்கு 2,140. அவருக்கு 1,900. எழுதி வைக்கிறேன்.

11 ஜூலை

நாளை வெள்ளி. அவர் வந்தால் செய்வதற்கு வேலை எதுவும் மிச்சமில்லை.

ஜாய்ஸ்டிக்கின் இடது பக்க வயரைக் கழற்றிவிட்டேன். நானேதான். ஸ்குரூடிரைவர் எடுத்து, உட்கார்ந்து, நிதானமாக. இந்த வயதில். கான்வென்டில் இதற்கு முழங்காலிட்டு நிற்க வைப்பார்கள்.

12 ஜூலை

விமானம் இடப்பக்கம் போகவில்லை என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவர் திறந்து பார்த்தார். ஒவ்வொரு ஸ்குரூ தலையிலும் அவர் சிவப்புப் பெயின்ட் பொட்டு வைத்திருந்தாராம், யாராவது திருகினால் தெரிவதற்கு. எனக்குத் தெரியாது. அந்த ஒன்றில் மட்டும் பெயின்ட் உடைந்திருந்தது.

நெடுநேரம் பார்த்தார். இருமினார். "எலி திரும்ப வந்திருக்கு போல."

ஐந்து நிமிட வேலை. சாப்பாட்டு நேரம் வரை செய்தார். முதல் தடவையாக இங்கே சாப்பிட்டார். ரசத்தில் உப்புத் தூக்கல் என்றார். ஆமாம், தூக்கல்தான்.

16 ஜூலை

எலி எதுவும் செய்யவில்லை. ஆனாலும் வந்தார். ஸ்பீக்கர் கரகரக்கிறதாம். எனக்குக் கேட்கவில்லை.

19 ஜூலை, வெள்ளி

வேலுத்தாய் அடுப்படியில் நின்றுகொண்டு, தன் வழக்கமான குரலில்: "பெட்டிதான் எரியுதேம்மா, இன்னும் எதுக்கு அவிய வாராவ? பெட்டிக்கு ரிப்பேரா, ஆச்சிக்கு ரிப்பேரான்னு தெருவுல கேக்காவ."

கூடம் பத்தடி தூரம். அவர் கையில் இருந்த டெஸ்டர் அப்படியே நின்றதைப் பார்த்தேன். அவர் நான் கூப்பிட்டு வருகிறவர் என்று நான் சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் வாயை மூடு என்றாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "மொளகா காயப் போட்டாச்சா?"

காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

23 ஜூலை, செவ்வாய்

வந்ததும் மெமோ நீட்டினார். வீட்டிலேயே எழுதி, நேரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். "இணைப்பு மீண்டும் கொடுக்கப்பட்டது. கருவி நல்ல நிலையில் ஒப்படைக்கப்படுகிறது."

"இதுக்குப் பெறகு எங்க ஆளு அந்த எடத்துல நிக்கப்படாது. அது ரூலு" என்றார், பெட்டியைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு முறை படித்தேன். திருத்துவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 11.40 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்றேன். வங்கிக்காரரிடம் சொல்வது போல. பையை எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது எல்லோரும் சொல்லும் 'வாரேன்' என்பதை அவர் சொல்லவில்லை.

24 ஜூலை

ஏன் போட்டேன் கையெழுத்து? யாரு கேட்டா? பேனா இல்லன்னு சொல்லியிருந்தா என்ன?

26 ஜூலை, வெள்ளி

பத்தரை மணிக்குப் பின்வாசலில் யாரோ இருமினார்கள். பால்காரர்.

30 ஜூலை

6,200. ஆறாயிரத்து இருநூறு. வேலுத்தாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா மின்னுதும்மா" என்றாள். பிறகு, "நான் அன்னைக்கு வாயத் தொறந்திருக்கப்படாது" என்றாள். தவறு உன்னுடையது இல்லை என்றேன். உண்மைதான். அவள் கேட்டதைத்தான் சொன்னாள். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

மதுரையிலிருந்து மகள் சுதாராணி போன் செய்தாள். அவளுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அதான் முடிஞ்சிட்டுல்லம்மா, விடுங்க. அப்பா பேரு இருக்கு."

"உங்கப்பா கூப்பிட்ட எடத்துக்கு நான் போகாததே இந்த ஊர் பேச்சுக்குப் பயந்துதான்" என்றேன். "அதுல ஒரு தடவை தோத்தாச்சு. போதும்."

பிறகு, "அவரு நல்லவராம்மா?" என்று கேட்டாள்.

"வேலை சுத்தமா இருக்கும்" என்றேன். சிரித்துவிட்டாள். நான் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

6 ஆகஸ்ட், செவ்வாய்

நான்கு முறை எழுதிக் கிழித்த பிறகு இது. காலைத் தபாலில் நானே போய்ச் சேர்த்தேன். பிரதி இங்கே:

திரு. சோலைராஜ் அவர்களுக்கு,

மெஷின் நன்றாக வேலை செய்கிறது. பழுது எதுவும் இல்லை. இருப்பதாகச் சொல்லி உங்களை அழைக்க நான் விரும்பவில்லை.

அன்று நீங்கள் காதில் கேட்ட பேச்சுக்கு அங்கேயே நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்தது என் தவறு. அதற்காக வருந்துகிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் இந்த வீட்டில் பேச ஆள் இருந்தது. இப்போது இல்லை. எனக்கு அது குறையாகத் தெரிகிறது. உங்களுக்கும் அப்படித் தெரிந்தால், செவ்வாய்க்கிழமைகளில் காலைப் பாசஞ்சரில் வந்து, இங்கே சாப்பிட்டுவிட்டு, மாலை வண்டியில் திரும்பலாம். கருவிப் பை வேண்டாம். முன்வாசல் வழியாக வாருங்கள். என் மகளுக்குத் தெரியும்.

உங்களால் வர முடியாத வாரம் நான் மணியாச்சிக்கு வருகிறேன். வண்டி நேரம் ஸ்டேஷனில் விசாரித்துவிட்டேன்.

விருப்பமில்லை என்றாலும் தயங்காமல் எழுதுங்கள். இசக்கிதுரையிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்குப் பதில் கடிதம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ராமலட்சுமி