தொட்டியைப் பிளந்த கிழங்கு

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. துவரம்பருப்பு, கற்பூரம் வாங்கணும்.

ஜன்னலோரம் இருக்கும் இசட் இசட் என்கிற அழகுச்செடியின் தொட்டி பிளந்துவிட்டது. மருமகள் திவ்யா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த செடி. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பளபளவென்று நிற்கும். பிளவில் எட்டிப் பார்த்தால் உள்ளே குண்டு குண்டாகக் கிழங்கு! எங்களுடையது ஜைன வீடு. கிழங்கு வாசல்படி தாண்டியதில்லை. இத்தனை நாள் கிழங்குக்கா தண்ணீர் ஊற்றினேன்? தின்னத்தான் கூடாது. வளர்க்கலாமா? யாரைக் கேட்பது?

5, செவ்வாய்

மழை விட்டது. சாப்பிடும்போது மகன் குண்டு போட்டான். "சனிக்கிழம சென்னைக்கே குடி போயிடறோம்மா. திவ்யா தெனம் வேலைக்கு ட்ரெயின்ல போயிக்கினு வந்துக்கினு ரொம்பக் கஷ்டப்படுறா."

ரயிலா, என் சமையலா? ஏனாத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போனால் உருளைக்கிழங்கு வறுவல்தான் முதலில் கேட்பாளாம். இங்கே ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். கேட்காததற்கும் கோபம் வருகிறது. எனக்கு என்னதான் வேண்டும்?

பருப்பு வாங்க மறந்தாச்சு.

7, வியாழன்

திவ்யா செடிப் பக்கம் வந்து நின்றாள். "இதுல பாதி எடுத்துக்கட்டா அத்த?"

பாதி என்றால் கிழங்கை அறுக்க வேண்டும். அறுப்பது பாவம். "முழுசா எடுத்துக்கினு போம்மா" என்றேன்.

முகம் சுண்டிவிட்டது. "உங்களுக்கு வேணாமா அத்த?" உள்ளே போய்விட்டாள். செடியைக் கேட்டாளா, வேறு எதையாவது கேட்டாளா? முழுசாகக் கொடுத்தால் சந்தோஷம்தானே படணும்? தலை கிறுகிறுக்கிறது.

9, சனி

நல்ல வெயில். வேன் வந்துவிட்டது. இவர் கயிறு தேடுகிறார், கையிலேயே வைத்துக்கொண்டு.

திவ்யா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை. காய் நறுக்கும் கத்தியை எடுத்து, எங்கள் பஞ்ச மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே கிழங்கை நானே இரண்டாக அறுத்தேன்.

திவ்யா ஓடி வந்தாள். "ஐயோ அத்த, நீங்களா? அந்தக் கத்தி இனிமே உங்களுக்கு ஆவாதே. குடுங்க, நான் எடுத்துக்கினு போறேன்."

"வேணாம். இங்கயே இருக்கட்டும். நீ வரும்போது உருளைக்கிழங்கு எதுல நறுக்குவ?"

கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான்.

சொல்லிவிட்டேன். எந்த அடுப்பில் வேகவைப்பது, இவரிடம் என்ன சொல்வது, ஒன்றும் தெரியவில்லை.